செவ்வாய்க்கிழமைச் சொடக்கு

வாங் சார், உக்காருங். ஷேவிங் மட்டுந்தானுங்களா? சரிங்க. தலைய இந்தத் தாங்கு மேல வெச்சுச் சித்த சாஞ்சுக்குங். ஆ, அப்பிடி. பருவு, மச்சம், பழைய காயம் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங். நொரை போட்டுட்டா எனக்குத் தெரியாது. தாடைக்குக் கீழ ஒரு மச்சமுங்களா? சரி, பாத்துக்கறனுங்க.

என்னுங், கழுத்தத் திருப்பறப்ப மொகஞ் சுளிக்கறீங்க? பஸ்ஸுல தூங்கிட்டே வந்தீங்களாக்கும். சேலத்துல இருந்துங்களா? அதான பாத்தேன். சன்னல் கம்பியில தலைய வெச்சுத் தூங்கினா புடிச்சுக்காம என்ன பண்ணும். கவலைய உடுங்க. மொகத்த முடிச்சுட்டுக் கடைசியா ஒரு சொடக்கு எடுத்து உட்டர்றனுங்க. ஒரு கை தாடையில, ஒரு கை பொடனியில, ஒரே திருப்பு. கோபியில எறங்கி நாச்சிமுத்து கடையில உக்காந்தவங்க கழுத்து வலியோட எந்திரிச்சுப் போனதா, இந்த முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர் வந்து சொல்லட்டும் பாக்கலாம்.

இந்தப் போன இப்பிடிக் கண்ணாடிக்குக் கீழ வெச்சுக்கறனுங்க. பதினொரு மணிக்குள்ள ஒரு போன் வரோணும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து. வந்தா மட்டும் சித்த நேரம் பொறுத்துக்குங்க. நொரையோட உக்கார வெச்சுட்டுப் போறானேன்னு நெனைக்காதீங்க.

ஊட்டுல யாருக்குமில்லீங்க. எனக்குத்தானுங்க. வெள்ளிக்கெழமை ஆப்ரேசன். கழுத்துல.

அட, துள்ளாதீங்க சார். கத்திய நான் இன்னும் எடுக்கவே இல்ல.

பயமுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. பத்து நாளா சோறு எறங்கலை. ஊட்டுல பாப்பாத்திகிட்ட 'சும்மா ஒரு ஊசி மாதிரிதான், போனதும் வந்தர்றது'ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளுக்குச் சுகரு, பயந்தா எச்சாயிரும். கடைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்ல முடியாது. ஒருத்தர் காதுல போட்டாப் பொழுதோட சந்தை பூராத் தெரிஞ்சுரும். அப்பறம் எவன் வந்து இந்தச் சேர்ல உக்காருவான்? நீங்க வெளியூரு. மொகத்தத் தொடச்சுட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

ஆடியில ஆரம்பிச்சுதுங்க. இந்தா, இந்தப் பெருவெரலும் ஆள்காட்டி வெரலும். மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. அப்பறம் தோள்ல இருந்து கையோட ஓரமா ஒரு வலி எறங்கி வரும். காத்தால சட்டைப் பொத்தான் போட பாப்பாத்தியக் கூப்படோணும். ஒரு நாள் சீப்பு கையில இருந்து நழுவி உழுந்துது, உழுந்த சத்தங் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது. இப்பெல்லாம் நாலு பேருக்கு ஷேவிங் பண்ணினா அஞ்சாவது ஆளுக்குக் கத்தி கையில இருக்குதா இல்லியான்னு கண்ணுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கறது.

நீங்க இன்னைக்கு மூணாவது ஆளுதானுங்க. பயப்படாதீங்க.

பாருங், எப்பிடிப் புடிச்சிருக்கேன்னு. நடுவெரலும் மோதிரவெரலும். இதுக ரெண்டும் கல்லாட்டம் இருக்குது. புது பிளேடுதான், உங்க முன்னாலதான ஒடச்சு மாட்டுனேன்? வலது கன்னத்த இப்பிடிக் குடுங். ம். அவ்வளவுதான். எதாச்சும் தெரிஞ்சுதுங்களா? தெரியாது. அதான் கை.

எதனால வந்துச்சுன்னுதான் எனக்கு வெளங்கவே இல்லீங்க. தலகாணிய மாத்திப் பாத்தேன். சத்தி ரோட்டுல ஸ்கூட்டர் ஓட்டறதால இருக்கும்னு பஸ்ஸுல போனேன். பாப்பாத்தி, 'செல்போனக் குனிஞ்சு பாக்கறீங்க, அதான்'னா. அதையும் ரெண்டு வாரம் பொட்டியில போட்டு வெச்சேன். ஒண்ணும் கொறையல.

செவ்வாக்கெழமை தவறாம கழுத்தப் பாத்துக்கறவனுங்க நான். அதாவதுங்க, செவ்வாக்கெழமை எங்களுக்கெல்லாம் லீவு. வாரத்துல ஆறு நாள் ஊரு மொகத்த நாங்க பாக்கறோம். எங்க மொகத்த யாரு பாக்கறது? அதுக்குத்தான் செவ்வாக்கெழமை. என்ற சகலை ஆறுச்சாமி சத்தியில கடை வெச்சிருக்கான். ஒரு வாரம் அவன் இங்க வருவான், ஒரு வாரம் நான் அங்க போவேன். கதவச் சாத்திக்குவோம். அவன் எனக்கு ஷேவிங் பண்ணுவான், நான் அவனுக்கு. முடிச்சதும் அவன் எனக்குக் கழுத்துல ரெண்டு சொடக்கு, நான் அவனுக்கு ரெண்டு. அப்பறம் ரெண்டு பேரும் பரோட்டா திம்போம். இருபத்தாறு வருஷமா இதுதானுங்க. எங்க ரெண்டு பேரு பொண்டாட்டியும் அக்கா தங்கச்சிங்க, ஒருத்தர் மொகம் ஒருத்தர் பாக்கறதில்ல. நாங்க ஒரு செவ்வாக்கெழமை உட்டதில்ல.

வலி வந்ததும் ஆறுச்சாமிகிட்டத்தான் மொதல்ல சொன்னேன். 'அண்ணா, அடச்சுக்கிட்டிருக்குது, நல்லா எடுத்தாத்தான் உடும்'னான். ரெண்டுக்கு நாலா எடுத்தான். ஆவணியில ஒரு செவ்வாக்கெழமை, இதே சேர்ல உக்காந்திருக்கேன், இடது பக்கம் சரியா உழுகலைன்னு மறுக்கா ஒரு திருப்பு திருப்புனான் பாருங். கரண்டு புடிச்சாப்பல ஒண்ணு தோள்ல இருந்து பெருவெரல் நுனிக்கு எறங்குச்சு. 'ஐயோ'ன்னேன். 'பாத்தீங்களாண்ணா, அடப்பு ஒடஞ்சுது'ன்னான். எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. அன்னைக்கிருந்து வெரலு சுத்தமா மரத்துப் போச்சுங்க.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அன்னைக்கு வரப்ப மழையில நனைஞ்சு வந்தேன். ஈரத்தலையோட உக்காந்தது தப்பு.

இடது கன்னம் குடுங். கண்ணாடியில என்ற கையவே பாத்துட்டு இருக்காதீங்க சார், மேல பாருங். மேல காலண்டர் இருக்குது, அதப் பாருங்.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரி. முதுகெலும்புக்குன்னே ஒரு மாடி. அங்க போய்ப் பெஞ்சுல உக்காந்திருக்கேன், எதுத்தாப்பல யாரு தெரியுங்களா? எங்க சென்னியப்பண்ணன். உங்குளுக்கு எங்க தெரியப் போகுது. கரண்டாபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நம்ம கடைக்குப் பதினெட்டு வருஷ வாடிக்கை. ஒரு வாரம் உட்டு ஒரு வாரம் ஞாயித்துக்கெழமை வருவாரு. ஷேவிங் முடிஞ்சதும், 'நாச்சிமுத்து, அந்தக் கடைசி வேலைய முடி'ம்பாரு. அவரு கழுத்துல சொடக்கு எடுத்தா சத்தம் டீக்கடை வரைக்கும் கேக்கும். டீக்கடைக்காரரு அங்கிருந்தே, 'ரெண்டாயிரம் வாலாவா அண்ணா'ன்னு கத்துவாரு. சிரிப்பா இருக்கும்.

அவரு தைப்பூசத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழமை வந்தவரு, அப்பறம் வரவே இல்லீங்க. மாசம் ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு அக்கட்ட ஏசி போட்டு ஒரு சலூன் தொறந்திருக்காங்க, அங்க போறாராக்கும்னு இருந்தேன். எனக்கு வெசனமாப் போச்சு. பதினெட்டு வருஷம் பழகிட்டு ஒரு வார்த்தை சொல்லாம கடைய மாத்துனா எப்பிடி இருக்கும், சொல்லுங். கடைசியா வந்தன்னைக்குக்கூட நல்லபடியாத்தான் அனுப்புனேன். வலது பக்கம் டப்புனு உழுந்துது. இடது பக்கம் உழுகலை, மறுக்கா எடுத்தேன். 'ஆ'ன்னாரு. அதோட எந்திரிச்சுப் போனவருதான்.

ஆஸ்பத்திரியில என்னப் பாத்ததும் அந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுங்களா? தலையத் திருப்பல. ஒடம்போட திரும்புனாரு. நெஞ்சு, தோளு, தலை எல்லாம் ஒண்ணா, பீரோவ நகத்தற மாதிரி. பாத்துட்டு, ஒரு கையத் தூக்கிப் பொடனிய மூடிக்கிட்டாரு. எந்திரிச்சு அந்தக் கடைசிப் பெஞ்சுக்குப் போயிட்டாரு. என்ற கடைய உட்டுட்டு வேற எங்கயோ முடி வெட்டிக்கிட்டு இருக்காருல்ல, அந்தப் பின்மண்டைய நான் பாத்துருவேன்னு வெக்கமுங்க. வெட்டுன லட்சணம் அப்பிடி. நான் பாத்துட்டேன், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கிக் கெடந்துது.

அவரு சம்சாரம் ரங்கநாயகியக்காதான் எங்கிட்டப் பேசுனாங்க. கழுத்துல மூணு எடத்துல எலும்ப ஒட்ட வெச்சு, தகடு வெச்சு, ஸ்க்ரூ முடுக்கியிருக்காங்களாம். 'உங்க கடையில இருந்து வந்தன்னைக்குப் படுத்தவருதான் நாச்சிமுத்து'ன்னாங்க. பாருங், என்ற கடைக்கு வர்ற வரைக்கும் மனுசன் எவ்வளவு நல்லா இருந்திருக்காரு. அதுக்கப்பறம் ஊட்டுல என்ன பண்ணுனாரோ, எந்த மூட்டையத் தூக்குனாரோ. நான் 'ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கக்கா'ன்னேன். அந்தக்கா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. பாவம், அவங்களுக்கும் அலைச்சல்.

அப்பத்தானுங்க பயம் புடிச்சுது. அந்த மரமாட்டம் திரும்புறதப் பாத்ததும். ஒரு சவரக் கடைக்காரன் அப்பிடித் திரும்புனா ஆச்சா? இப்பப் பாருங், உங்க தாடைக்குக் கீழ பாக்க நான் எப்பிடிக் குனிஞ்சு தலையச் சாய்க்கறேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ சாய்க்கறேன்னு என்ற கழுத்துக்குத்தான் தெரியும்.

உள்ள கூப்பிட்டாங்க. டாக்டரம்மா சின்ன வயசுதான், நாப்பது இருக்கும். ஸ்கேன வெளிச்சத்துல மாட்டி நெறையச் சொன்னாங்க. அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போற நரம்ப நசுக்குதுன்னாங்க. அதான் அந்த ரெண்டு வெரலு மட்டும். இப்பிடியே உட்டா கை சூம்பிரும், கத்திரிக்கோல் கூடப் புடிக்க முடியாதுன்னாங்க. கத்திரிக்கோல்னு அவங்களாச் சொன்னதுங்க. நான் என்ன தொழில்னு சொல்லல. சீட்டுல 'சொந்தக் கடை'ன்னு எழுதச் சொல்லியிருந்தேன். என்ன கடைன்னு யாரும் கேக்கலை.

'அந்த ஜவ்வ எடுத்தரோணும். எடுத்த எடத்துல என்ன வெக்கறதுங்கறதுதான் கேள்வி'ன்னாங்க. ஒண்ணு, எலும்புத் துண்டு வெச்சுத் தகடு போட்டு ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்ட வெக்கறது. அந்த எடம் அப்பறம் அசையாது. இன்னொண்ணு, செயற்கை டிஸ்க்கு. மேஜை மேல ஒண்ணு வெச்சிருந்தாங்க, எடுத்துக் காட்டுனாங்க. ரெண்டு பக்கம் சின்னச் சின்ன லோகத் தட்டு, நடுவுல பிளாஸ்டிக்கு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்குது. அமுக்கித் திருப்பிக் காட்டுனாங்க, அசையுதுங்க! இப்பிடியும் சாயுது, அப்பிடியும் சாயுது. இத வெச்சா கழுத்து பழையபடி திரும்பும், மேலயும் கீழயும் இருக்கற ஜவ்வுக்கும் பாரம் கொறையும்னு எதிர்பாக்கறாங்களாம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. 'இதையே வெச்சுருங்கம்மா'ன்னேன்.

'வெளிய ஒருத்தரு மரமாட்டம் திரும்பறாரு, அப்பிடி நான் ஆகக் கூடாது'ன்னேன். 'அவருக்கு மூணு எடம். உங்களுக்கு ஒரு எடந்தான், ஒட்ட வெச்சாலும் அவ்வளவு தெரியாது'ன்னாங்க. சொல்லுவாங்க. அந்தப் பெஞ்சுல உக்காந்து பாத்தவனுக்குத்தான தெரியும்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். 'ஏனுங்கம்மா, பொடனிய அறுத்துத்தான வெப்பீங்க?' 'இல்லீங்க, முன்பக்கம்'னாங்க. பேனாவத் திருப்பிப் புடிச்சு என்ற தொண்டையில வெச்சாங்க. குரல்வளைக்குப் பக்கத்துல, தோலு மடிப்பு விழுகுதுல்ல, அதுல. 'இங்க ரெண்டு வெரக்கடை அளவுக்குத் தொறந்து, மூச்சுக்கொழாயையும் உணவுக்கொழாயையும் ஒரு பக்கமா ஒதுக்கிட்டு உள்ள போவோம்'னாங்க.

இதா, கத்தியில தொட்டுக் காட்டறேன் பாருங். இதே எடம். எச்சில் முழுங்காதீங்க சார், சித்த இருங். ம், இப்ப முழுங்கிக்குங்.

எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சுங்க. மத்தவனுக்கு அது வெறும் தொண்டை. நான் முப்பத்தோரு வருஷமா அந்தத் தோலுமேல கத்தி வெச்சிட்டிருக்கறவன். அந்தப் பக்கவாட்டுல ஒண்ணு துடிக்கும் பாருங், அது எந்தாளுக்கு எந்த எடத்துல துடிக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அதுல ஒரு மயிரிழை தள்ளிப் போனா என்ன ஆகும்னு ஒவ்வொரு நாளும் நெனச்சு நெனச்சுத்தான் கத்திய எடுக்கறேன். அந்த எடத்த ஒருத்தர் தொறந்து, ஒதுக்கி, உள்ள போறதுன்னா! அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல நானே எனக்கு ஷேவிங் பண்ற மாதிரி வந்துதுங்க. மேல சொல்ல வேண்டாம்.

குனிய வெச்சு நிமிர வெச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, அதப் பாத்துட்டு எத வெக்கறதுன்னு போன்ல சொல்றதாச் சொன்னாங்க. கெளம்பறப்பத்தான் அந்தம்மா கேட்டாங்க. 'செயற்கை டிஸ்க்கு எல்லாருக்கும் வெக்க முடியாது. கழுத்துக்குப் பொறகால ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டு இருக்குது. அது தேஞ்சோ ஆடிக்கிட்டோ இருந்தா டிஸ்க்கு சரிப்படாது, ஒட்டத்தான் வெக்கோணும். உங்க கழுத்த யாராச்சும் வெடுக்குனு திருப்பி உட்டிருக்காங்களா? சொடக்கு, வர்மம், மஸாஜுன்னு எதாச்சும்?'

'இல்லீங்கம்மா'ன்னேன்.

ஆமாங்க, பொய்தான். சொன்னா அந்தத் திரும்பற டிஸ்க்கு கெடைக்காதே. எனக்கு அது வேணுமுங்க. அப்பறம் ஆறுச்சாமி பேரச் சொல்லோணும். அவன் என்ன தப்புப் பண்ணுனான், பிரியமாத்தான எடுத்து உட்டான்? தவிர அந்தம்மா சொல்றதுலயும் எனக்கு நம்பிக்கை இல்ல. சொடக்கு எடுத்தாக் கழுத்து கெடும்னா, இந்த ஊர்ல பாதிப் பேரு கழுத்து என்ற கையிலதான கெட்டிருக்கோணும்? அப்பிடி ஒண்ணும்...

இன்னும் கழுத்து மட்டுந்தானுங்க பாக்கி. தாடையத் தூக்குங்.

போனு. சார், போனு அடிக்குது. சித்த இருங். கை ஈரம். கத்திய இங்க வெச்சர்றேன்.

அலோ. ஆமாங்க, நாச்சிமுத்துதானுங்க. வணக்கமுங்கம்மா. நீங்களே பேசறீங்களா? சரிங்கம்மா.

ம்.

குனிஞ்சு நிமிந்து எடுத்த எக்ஸ்ரேவுலயா? எவ்வளவு நகருதுங்க? ஓ.

தேஞ்சுங்களா. ரெண்டு பக்கமுமா.

இல்லீங்கம்மா. கீழ உழுகல. ஆக்சிடெண்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மூட்டை தூக்கற வேலை இல்லீங்க. கடைதானுங்க. கடை... சொந்தக் கடை.

இல்லீங்க, யாரும்...

அம்மா, ஒரு நிமிசம் இருங். நானு ஒண்ணு சொல்லோணும். நானு சவரக் கடை வெச்சிருக்கறவனுங்க. ஆமாங்க. வாராவாரமுங்க. செவ்வாக்கெழமை. இருபத்தாறு வருஷமா. ஒரு வாரமும் உடாம. இல்லீங்க, வர்மமில்ல, சொடக்கு. தாடையில ஒரு கை, பொடனியில ஒரு கை. ஆமாங்க, ஆவணியில கரண்டு புடிச்ச மாதிரி ஆச்சு. அன்னைக்குத்தானுங்க மரத்துப் போச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். தப்புதானுங்க.

சரிங்கம்மா.

எனக்கு எடுத்ததுங்களா? என்ற சகலை. அவனுக்கு நானு எடுப்பேன். மத்தவங்குளுக்கா? எடுத்திருக்கனுங்க. எத்தன பேருக்குன்னாங்கம்மா... அது எப்பிடிங்க சொல்றது.

சரிங்க. வெள்ளிக்கெழமை ஆறு மணிக்கு வந்தர்றனுங்க. வெறும் வயித்தோட. வெச்சர்றேன்.

மன்னிச்சுக்குங் சார். நொரை காஞ்சுபோச்சு.

டிஸ்க்கு இல்லீங்க. ஒட்டத்தான் வெப்பாங்களாம். பொறகால மூட்டு ரெண்டும் தேஞ்சு ஆடுதாம், அதுல அந்தத் திரும்பற டிஸ்க்க வெச்சா நிக்காதாம், மறுபடியும் தொண்டையத் தொறக்க வேண்டி வந்திருக்குமாம். 'இப்பவாச்சும் சொன்னீங்களே'ன்னாங்க. வெரலு திரும்பி வர்றதுக்கு வழி இருக்குதாம். வரும்னு அடிச்சுச் சொல்லல. வழி இருக்குதுன்னாங்க.

ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க. இல்லைன்னு மறுக்காச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணாடியில நீங்க சாஞ்சு கெடந்தீங்க. தொண்டையத் தூக்கிக் காட்டிட்டு. உக்காந்ததும் மச்சம் இருக்குதுன்னு சொன்னீங்கல்ல? எல்லாரும் சொல்லுவாங்க. இங்க உக்கார்ற யாரும் அத மறைக்க மாட்டாங்க. கத்தி புடிக்கறவன்கிட்ட மறைச்சா யாருக்கு வெனைன்னு தெரியும். நான் மட்டும் அந்தம்மாகிட்ட மறைச்சுட்டுத் தொண்டையக் காட்டிப் படுக்கப் பாத்திருக்கேன்.

சரிங்க, உடுங்க. மறுக்கா நொரை போடறேன். அதுக்கு முன்னால உங்க கழுத்த... கொண்டாங், அந்த சேலத்துப் புடிப்ப எடுத்து...

ஏனுங்?

ஏனுங் சார், கையப் பொடனியில வெக்கறீங்க?

அட. எடுக்க மாட்டனுங்க. பாருங், கையக் கீழ போட்டுட்டேன். பழக்கம், தானாத் தூக்கிருச்சு.

அன்னைக்கு அவரும் இப்பிடித்தானுங்க. இதே மாதிரித்தான் கைய வெச்சாரு, வெரலெல்லாம் விரிச்சு. முடி வெட்டுனத மறைக்கறாருன்னு இருந்துட்டேன். கண்ணு இப்பிடித்தான் இருந்துச்சு. இப்ப உங்க கண்ணு இருக்குதே, இப்பிடி. என்னக் கண்டு பயந்திருக்காரு சார். பதினெட்டு வருஷம் என்கிட்டக் கழுத்தக் குடுத்த மனுசன்.

'ஆ'ன்னாரு. நான் சிரிச்சேன். டீக்கடைக்காரரும் சிரிச்சாரு.

அந்தக்கா சொன்னாங்களே, உங்க கடையில இருந்து வந்தன்னைக்குப் படுத்தவருன்னு. மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. நான் ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவங்க ஊடு இங்கிருந்து நாலு தெரு. போகோணும். வெள்ளிக்கெழமைக்கு முந்தி போகோணும். அப்பறம் தொண்டை கட்டிக்கும், கொஞ்ச நாளைக்குக் கொரலு வராதுன்னாங்க அந்தம்மா. போயி என்னன்னு சொல்றது? வாசப்படியில நின்னா அவரு முழு ஒடம்போட திரும்பித்தான் என்னப் பாக்கோணும். அதுக்குத்தான் எனக்கு எச்சாப் பயமா இருக்குது. ஆப்ரேசன்கூட அப்பறம்தான்.

ஆறுச்சாமிக்கும் போன் பண்ணோணும். அவன் இன்னைக்குக் காத்தால இருந்து எத்தன பேருக்கு எடுத்தானோ.

சார், உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லிர்றேன். மூணாவது ஆளுன்னு சொன்னேன்ல, நீங்க அஞ்சாவது ஆளு. கத்தி என்ற கையில இருக்குதான்னு நான் இப்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நடுவெரலும் கொஞ்ச நாளா நல்லா இல்ல. மொகம் முடிஞ்சுது, மொகத்துல ஒரு கீறல் இல்ல, அதுக்கு நான் பொறுப்பு. கழுத்து மட்டுந்தான் நிக்குது, நொரை மறுக்காப் போட்டாச்சு. இந்தாங்க, கத்திய நீங்க புடிச்சுக்குங். மெதுவா, மேல இருந்து கீழ. தாடைக்குக் கீழ மச்சம் இருக்குது, உங்குளுக்கே தெரியும். கைக்கண்ணாடிய நான் புடிச்சுக்கறேன். இடது கையிலதான் புடிக்கறேன், ஆடாது.

ம். அப்பிடித்தான். நல்லாத்தான் வருதுங்க.

கழுத்துப் புடிப்புக்கு ஊருக்குப் போய் வெந்நித் துணிய ஒத்திக்குங். ரெண்டு நாள்ல உடலீன்னா டாக்டர்கிட்டக் காட்டுங். யாராச்சும் சொடக்கு எடுத்தாங்களான்னு அவங்க கேட்டாங்கன்னா, கோபியில ஒருத்தன் எடுக்கறேன்னு வந்தான், எடுக்கலைன்னு சொல்லுங். நீங்க சொன்னா அது பொய்யில்லீங்க.